இரண்டு டம்ளரும் ஒரு பாரம்பரியமா?

நம் நாட்டில் இப்பொழுது பாரம்பரியத்துக்கு நல்ல கிராக்கி ஏற்பட்டிருக்கின்றது. மேடையேறுகின்றவர்கள் யாராயிருந்தாலும் நமது பண்பாடு, நமது நாகரிகம், நமது முன்னோர் என்று நாலு வார்த்தை பேசாமல் கீழே இறங்குவதில்லை. ஓட்டல் பலகையில் பாரம்பரியம், கலியாண மண்டபத்தில் பாரம்பரியம், அரிசி மூட்டையின் மேலும் எண்ணெய்ப் பாட்டிலின் மேலுங்கூடப் பாரம்பரியம் என்று அச்சடித்து விற்கின்றார்கள். விற்கிறவன் விற்கட்டும். வாங்குகிறவன் வாங்கட்டும். அதில் நமக்கொன்றும் ஆட்சேபணை இல்லை.

ஆனால் ஒன்று கேட்கின்றோம். ஒரு ஜன சமூகத்தின் பண்பாட்டை எதைக் கொண்டு அளப்பது? கோபுரத்தின் உயரத்தைக் கொண்டா? ஏட்டுச் சுவடியின் எண்ணிக்கையைக் கொண்டா? பூமிக்குள் கிடக்கும் பானை ஓட்டின் வயதைக் கொண்டா? நம்முடைய அபிப்பிராயத்தில் அவ்வளவு தூரம் போக வேண்டிய அவசியமே இல்லை. தாகமென்று வந்து நிற்கும் மனிதனுக்கு நாம் எந்தப் பாத்திரத்தில், எந்த இடத்தில் நிறுத்தி, எப்படித் தண்ணீர் கொடுக்கின்றோம் என்று பார்த்தால் போதும். மனிதனுக்கும் மனிதனுக்கும் தினசரி நடக்கின்ற இந்தச் சின்னக் காரியத்தில் யோக்கியமாய் நடந்து கொள்ளத் தெரியாத சமூகம், வேறு எந்தப் பெருமையைச் சொல்லிக் கொண்டாலும் அது வெறும் வாய்ப்பந்தலேயாகும்.

இதை நாம் புஸ்தகத்தில் படித்து எழுதவில்லை. நம்முடைய கையே செய்த காரியத்தைக் கொண்டு எழுதுகின்றோம்.

1991-ம் வருஷம் நமக்கு வயது பன்னிரண்டு. தெற்குச் சீமையில் ஒரு கண்மாய்க்கரை ஊரில், பஸ் நிற்கும் இடத்தில் இருந்த டீக்கடையில் முழுப் பரீட்சை லீவுக்கு எடுபிடி வேலைக்குப் போனோம். பின்னால் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நின்று போகவே, அந்தக் கடையே நமக்குப் பள்ளிக்கூடமாயிற்று. வடை மடிக்க எடைக்கு வாங்கிப் போடும் பழைய பத்திரிகைகளைப் படித்துத்தான் நாம் உலகத்தைத் தெரிந்து கொண்டது. அந்தப் பள்ளிக்கூடத்தில் நாம் படித்த முதல் பாடம் என்ன தெரியுமா? கண்ணாடி கிளாஸ் யாருக்கு, கூரைக் கம்பத்து ஆணியில் தொங்கும் அலுமினிய டம்ளர் யாருக்கு என்பதுதான். இதை முதலாளி வாய் திறந்து நமக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. சொல்லிக் கொடுக்காமலே நமக்குத் தெரிந்திருந்தது.

அந்த ஊரில் நீர்பாய்ச்சி ஒருவர் இருந்தார். வயது எழுபதுக்குக் குறையாது. கண்மாய் மடையைத் திறப்பதும் அடைப்பதும், இன்னார் வயலுக்கு இன்ன நேரம் என்று தண்ணீரைப் பங்கு வைப்பதும் அவர் வேலை. அதற்குக் கூலி அறுப்புக் காலத்தில் களத்தில் கிடைக்கின்ற நெல். ஊரார் வயலெல்லாம் அவர் கைபட்ட தண்ணீரில்தான் விளைந்தது. ஊரார் உண்ட சோறெல்லாம் அவர் கைத் தண்ணீர்தான். அப்பேர்ப்பட்டவர் டீக்கடைக்கு வந்தால் பெஞ்சியில் உட்காரக் கூடாது. ஆணியிலிருந்து டம்ளரைத் தாமே எடுத்துக் கழுவித் தரையில் வைக்க வேண்டும். நாம் உயரத்திலிருந்து ஊற்றுவோம். குந்தி உட்கார்ந்து குடித்துவிட்டு, மறுபடியும் தாமே கழுவி ஆணியில் மாட்டிவிட்டுக் காசைப் பலகையின் மேல் வைப்பார். அந்தக் காசை மட்டும் நாம் கையால் எடுத்துக் கல்லாவில் போடுவோம். காசுக்குத் தீட்டில்லை. அவர் நம்மைச் “சாமி” என்பார். நாம் அவரைப் பேர் சொல்லி “வா, போ” என்போம். அவர் வயது எழுபது, நம் வயது பன்னிரண்டு.

ஒரு சித்திரை மாதத்து உச்சி வேளையில் கண்மாய்க்கு அப்பால் வேலை செய்தவர்களுக்கு டீ கொண்டு போய்க் கொடுத்துவிட்டுத் திரும்புகையில், வெயில் தாங்காமல் மடைப் பக்கம் மயங்கி உட்கார்ந்து விட்டோம். அந்தப் பெரியவர்தான் கண்டு ஓடி வந்தார். தம் தூக்குச் சட்டியில் தண்ணீர் வைத்திருந்தார். ஆனால் உடனே கொடுக்கவில்லை. “சாமி, இது எங்க வீட்டுத் தண்ணி, குடிப்பீகளா?” என்று கேட்டார். நாம் தலையை ஆட்டியதும், சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு நம் கையில் ஊற்றினார். திருட்டுச் சாராயம் ஊற்றுகிறவனுக்குக்கூட அவ்வளவு பயம் இருந்திராது. செத்துப் போகிற தாகத்தில் இருக்கும் ஒரு பையனுக்குத் தண்ணீர் கொடுப்பதற்கு ஒரு கிழவர் பயப்பட வேண்டியிருந்தது. நமது பாரம்பரியம் அவ்வளவு உயர்ந்தது!

மறுநாள் காலையில் அவர் கடைக்கு வந்தபோது, நாம் ஒன்றும் யோசியாமல் கண்ணாடி கிளாஸில் டீயை ஊற்றி அவரிடம் நீட்டினோம். அவர் இரண்டடி பின்னால் போய்விட்டார். “வேணாம் சாமி. எனக்கு ஒண்ணும் ஆகாது. ஒங்களுக்கு அடி விழும்” என்று மெதுவாய்ச் சொல்லிவிட்டு, ஆணியிலிருந்த டம்ளரை எடுத்துத் தரையில் வைத்தார். நாமும் கிளாஸிலிருந்த டீயை அதில் ஊற்றினோம். முதலாளி ஒரு வார்த்தை பேசவில்லை. பேச வேண்டிய அவசியமே ஏற்படவில்லை. அடிமைப்பட்டவர் ஒருவரும், அடிமைப்படுத்தக் கற்றுக் கொண்ட சிறுவன் ஒருவனும் சேர்ந்து அந்தக் காரியத்தைச் சுத்தமாய் முடித்து விட்டோம். நாம் இதை எழுதுவது நம்மை நல்லவராய்க் காட்டிக் கொள்ளுவதற்கல்ல. அன்றைக்கு நாம் ஊற்றினோம் என்பதைச் சொல்லுவதற்காகவே எழுதுகின்றோம்.

நிற்க. இந்த இரட்டை டம்ளருக்கு ஆதாரம் கேட்டால், “இது பரம்பரை வழக்கம், பெரியவர்கள் காலத்திலிருந்து வருவது” என்று சொல்லுகின்றார்கள். இந்தப் பரம்பரையைச் சற்று விசாரிப்போம்.

முதலாவதாக, தேயிலை. இது நம் பாட்டன் குடித்ததா? இலங்கை மலையில் 1867-ல்தான் முதன்முதலாக வியாபாரத்துக்கென்று தேயிலைத் தோட்டம் போடப்பட்டது. நீலகிரித் தோட்டங்கள் பெருகியதும் அந்த நூற்றாண்டில்தான். விளைந்ததெல்லாம் வெள்ளைக்காரன் ஊருக்குக் கப்பலேறிற்று. 1903-ல் இந்திய சர்க்கார் ஏற்றுமதியாகும் தேயிலைக்கு ஒரு வரி போட்டு, அந்தப் பணத்தைக் கொண்டு தேயிலையை விளம்பரம் செய்யச் சட்டம் செய்தது. 1930-ஐ ஒட்டி உலகச் சந்தையில் விலை விழுந்தவுடன், இந்த நாட்டு ஜனங்களையே குடிக்கப் பழக்க வேண்டுமென்று சந்தையிலும் திருவிழாவிலும் காய்ச்சிக் காட்டி, இனாமாய்க் கூடக் கொடுத்துப் பழக்கினார்கள். ஆகவே நம் பாட்டனுக்குப் பாட்டன் டீ என்ற பேரையே கேட்டிருக்க மாட்டான்.

இரண்டாவதாக, பாத்திரம். எவர்சில்வர் என்பது 1913-ல் இங்கிலாந்தில் ஷெஃபீல்டு என்ற ஊரில் உண்டாக்கப்பட்ட உலோகம். அலுமினியமும் கண்ணாடி கிளாஸும் யந்திரத் தொழிற்சாலையிலிருந்து வந்தவை. பேப்பர் கப்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். டீ, டம்ளர், கிளாஸ், கப், பெஞ்சு என்கின்ற இந்த வார்த்தைகளில் ஒன்றாவது நம் பாட்டன் வீட்டுச் சொத்தா? பானமும் புதிது, பாத்திரமும் புதிது, கடையும் புதிது, பேருங்கூட இரவல். இத்தனை புதுச் சாமான்களுக்கு நடுவில் நாம் நம் கைவசமிருந்து கொண்டு போய் வைத்த சரக்கு ஒன்றே ஒன்றுதான். அது ஜாதி. சிரட்டையில் ஊற்றிக் கொண்டிருந்தவன் டம்ளருக்கு வந்தான். மண் சட்டி போய் அலுமினியம் வந்தது. ஜாதி மாத்திரம் பழைய இடத்திலேயே உட்கார்ந்திருந்தது.

இதைவிட வெட்கக்கேடு இன்னொன்றுண்டு. அந்தத் தேயிலையைப் பறித்தது யார்? பஞ்சத்திலும் கடனிலும் பட்டு, கங்காணி காட்டிய ஆசையை நம்பி இலங்கைக்கும் வால்பாறைக்கும் நீலகிரிக்கும் மூட்டை முடிச்சோடு போனவர்களில் பெரும் பகுதியார் யார்? இந்த நாட்டில் தீண்டாதார் என்று ஒதுக்கப்பட்ட மக்களல்லவா? அட்டை கடிக்க, குளிர் நடுக்க அவர்கள் வீட்டுப் பெண்கள் ஒவ்வொரு கொழுந்தாய்க் கிள்ளிக் கூடையில் போட்ட இலை, உன் பாய்லருக்குள் கொதிக்கலாம். அந்தச் சாறு உன் தொண்டைக்குள் இறங்கலாம். அதே ஜனங்களில் ஒருவர் உன் கடை வாசலுக்கு வந்து நின்றால் அவர் உதடு பட்ட டம்ளர் மட்டும் உனக்கு ஆகாது! இதற்குப் பேர் ஆசாரமா, அயோக்கியத்தனமா என்று வாசகர்களே முடிவு செய்து கொள்ளட்டும்.

இனிச் சிலர் சுத்தத்தைப் பற்றிப் பேச வருவார்கள். “ஜாதி ஒன்றுமில்லை, சுகாதாரந்தான் காரணம்” என்பார்கள். மெத்தச் சரி. எச்சிலினால் நோய் பரவுமென்பது உண்மையே. ஆனால் நோய்க்கிருமி ஆளைப் பார்த்து, “நீ மேலத் தெருவா, கீழத் தெருவா?” என்று கேட்டுக் கொண்டா பரவுகின்றது? மேலத் தெருக்காரனுக்கு அப்படிப்பட்ட நோய் இருந்தால் அவன் குடித்த கிளாஸை ஒரு தரம் அண்டாத் தண்ணீரில் முக்கி எடுத்து அடுத்தவனுக்குக் கொடுக்கின்றாயே, அதற்குச் சுகாதாரம் எங்கே போயிற்று? சோப்பும் வெந்நீரும் எல்லாருடைய எச்சிலையும் ஒன்றுபோலவே போக்கும். அது போதாதென்றால் எல்லாருக்கும் தனித்தனி டம்ளர் வை. ஒரு சாராருக்கு மட்டும் தனி டம்ளர் வைத்துவிட்டு அதற்குச் சுகாதாரம் என்று பேர் வைக்காதே.

வியன்னாவில் கார்ல் லாண்ட்ஸ்டைனர் என்ற வைத்தியர் மனித ரத்தத்தில் வகைகள் உண்டென்று 1901-ல் கண்டு வெளியிட்டார். அதற்காக 1930-ல் நோபல் பரிசும் பெற்றார். இன்றைக்கு எந்த ரத்த வங்கிக்குப் போனாலும் பையின் மேல் ஏ, பி, ஏபி, ஓ என்றுதான் எழுதியிருக்குமேயொழிய, இன்ன ஜாதி, இன்ன தெரு என்று எழுதியிராது. விபத்தில் அடிபட்டுக் கிடக்கும் மகனுக்கு ரத்தம் ஏற்றும்போது, “இது யாருடைய ரத்தம்?” என்று கேட்ட தகப்பனை நாம் கண்டதில்லை. ரத்தம் உடம்புக்குள் போகலாம், உதடு பட்ட டம்ளர் மட்டும் பக்கத்தில் வரக் கூடாது என்றால், இதில் பகுத்தறிவு எங்கே இருக்கின்றது?

இன்னுஞ் சிலர், “அவர்களே தனி டம்ளரில்தான் குடிக்க விரும்புகின்றார்கள், நாங்கள் கட்டாயப்படுத்தவில்லை” என்கின்றார்கள். நீர்பாய்ச்சிப் பெரியவரும் தாமாகவேதான் ஆணியிலிருந்து டம்ளரை எடுத்தார். அதை விருப்பமென்றா சொல்லுவது? வேலை கொடுக்கிறவன் இவன், கடன் கொடுக்கிறவன் இவன், களத்தில் நெல் அளக்கிறவன் இவன், பாதைக்கு நிலம் வைத்திருக்கிறவனும் இவன் என்றிருக்கும்போது, வாய் திறவாமல் இருப்பதைச் சம்மதம் என்று எண்ணிக் கொள்ளுவது சண்டியனுக்குரிய நியாயமாகும்.

“இதெல்லாம் எந்தக் காலத்துக் கதை? இப்போது ஏது இரட்டை டம்ளர்?” என்று கேட்கின்ற பட்டணத்துச் சகோதரர்களுக்கும் பதில் சொல்லுகின்றோம். 1950 ஜனவரி 26-ல் அமுலுக்கு வந்த அரசியல் சட்டத்தின் 17-வது பிரிவு தீண்டாமையை ஒழித்தாகி விட்டதென்று சொல்லுகின்றது. 15-வது பிரிவு கடை, ஓட்டல், கிணறு, குளம், சாலை எல்லாம் எல்லாருக்கும் பொது என்கின்றது. 1955-ல் செய்த சட்டத்தில், ஓட்டலில் பொது ஜனங்களுக்காக வைத்திருக்கும் பாத்திரத்தைத் தீண்டாமையின் பேரால் ஒருவருக்கு மறுப்பது குற்றமென்று பாத்திரத்தையே பேர் சொல்லி எழுதியிருக்கின்றது. ஒரு மாதத்திலிருந்து ஆறு மாதம் வரையில் சிறைவாசமும் உண்டு. இத்தனைக்கும் பிறகு 2022 டிசம்பரில், புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் ஆதிதிராவிட மக்கள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்தது. அந்தக் காரியத்தைச் செய்தது யார் என்பதைப் பற்றிய வழக்கும் வாதமும் வேறு. அதற்குள் நாம் போகவில்லை. ஆனால் அதை விசாரிக்கப் போன கலெக்டரும் போலீஸ் அதிகாரியும் அந்த வட்டாரத்து டீக்கடையிலே கண்டது என்ன? இரட்டை டம்ளர்! அதன் பேரில் வழக்கும் பதிவாயிற்று. சட்டம் வந்து எழுபத்திரண்டு வருஷம் கழித்து, வேறொரு குற்றத்தைத் தேடிப் போனவர்கள் கண்ணில் தற்செயலாய் இது பட்டதென்றால், தேடாமலே கிடப்பது எத்தனை இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அல்லாமலும், இந்த வியாதி இப்பொழுது வேஷம் மாற்றிக் கொண்டிருக்கின்றது. சில காலத்துக்கு முன் நாம் பழைய ஊருக்குப் போயிருந்தோம். நீர்பாய்ச்சிப் பெரியவர் இறந்து வெகு நாளாயிற்று. டீக்கடை கான்கிரீட் கட்டிடமாகியிருந்தது. கம்பமும் இல்லை, ஆணியும் இல்லை. நமக்கு மெத்த சந்தோஷமாயிருந்தது. அப்போது காலனி என்று ஊரார் சொல்லுகின்ற தெருவிலிருந்து ஒரு வாலிபர் மோட்டார் சைக்கிளில் வந்திறங்கினார். பட்டப் படிப்புப் படித்தவரென்று பின்னால் தெரிந்தது. அவர் கேட்கும் முன்னமே கடைக்காரர் பேப்பர் கப்பில் டீயை ஊற்றிக் கொடுத்தார். நமக்குக் கேட்கும் முன்னமே கிளாஸில் ஊற்றினார். “எனக்கும் அந்தக் கப்பிலேயே கொடுங்கள்” என்றோம். “ஒங்களுக்கு எதுக்குண்ணே அது? கிளாஸ்லயே குடிங்க” என்றார். அலுமினியம் போய்க் காகிதம் வந்திருக்கின்றது. முன்னே அவர் டம்ளரை அவரே கழுவ வேண்டும். இப்போது கழுவ வேண்டாம், கசக்கி எறிந்து விட்டால் போதும். பஞ்சமா பாதகத்துக்கும் நாகரிகம் வந்துவிட்டது!

பட்டணத்துக்காரர்கள் இதைப் படித்துச் சிரிக்க வேண்டாம். உங்கள் வீட்டுச் சமையலறையில், பாத்திரம் தேய்க்க வரும் அம்மாளுக்கென்று ஒரு தட்டும் ஒரு டம்ளரும் ஜன்னல் ஓரத்தில் கவிழ்த்து வைத்திருக்கவில்லையா? உங்கள் எச்சில் பாத்திரமத்தனையும் அவர் தேய்க்கலாம், அவர் தேய்த்த பாத்திரத்தில் நீங்கள் சாப்பிடலாம், அந்தப் பாத்திரத்தில் அவர் மட்டும் சாப்பிடக் கூடாது! குப்பை அள்ள வருகிறவர் வெயிலில் தண்ணீர் கேட்டால் பழைய பாட்டிலைத் தேடுகின்றீர்களே, அது எந்தச் சட்டத்தில் சேர்ந்தது? அடுக்குமாடி வீடுகளில் வேலைக்காரர்களுக்குத் தனி லிப்டு என்று பலகை மாட்டியிருக்கின்றீர்களே, அது எந்தப் பாரம்பரியம்?

வேலைக்காரியை விடுங்கள். சொந்த மனைவியையும் மகளையும் மாதத்தில் மூன்று நாள் மூலையில் உட்கார வைத்துத் தனித் தட்டும் தனி டம்ளரும் கொடுக்கின்ற வீடுகள் இன்றைக்கும் இல்லையா? டீக்கடை வாசலில் நிற்கும் தீட்டும் வீட்டு மூலையில் உட்கார்ந்திருக்கும் தீட்டும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். பெற்றவளையும் கட்டியவளையும் தீட்டு என்று சொல்லப் பழகிய வாய்க்கு, ஊரானைச் சொல்ல எவ்வளவு நேரமாகும்?

இவ்விடத்தில் நம்மவர்களுக்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கின்றது. அது கசப்பாயிருந்தாலும் சொல்லித்தான் தீர வேண்டும்.

1924, 1925-ம் வருஷங்களில் சேரன்மாதேவி குருகுலத்தில் பார்ப்பனப் பிள்ளைகள் இருவருக்குத் தனிப் பந்தி போட்டதற்காக இந்த நாடே கொந்தளித்தது. ஊரார் பணத்தில் நடக்கும் ஸ்தாபனத்தில் இரண்டு பந்தியா என்று நம்மவர்கள் கேட்டார்கள். மானமுள்ள கேள்வி. ரயில்வே ஸ்டேஷன் சாப்பாட்டு விடுதிகளில் பிராமணருக்கு ஓரிடம், இதராளுக்கு ஓரிடம் என்றிருந்ததைக் கண்டித்துக் கிளர்ச்சி செய்து 1941-ல் அதை ஒழித்தார்கள். ஓட்டல் பலகையில் “பிராமணாள்” என்றிருந்த எழுத்தை அழிக்க வேண்டுமென்று 1957-ல் நூற்றுக்கணக்கான பேர் ஜெயிலுக்குப் போனார்கள். இவையெல்லாம் எதற்காக? ஒருவன் நம்மைத் தள்ளி உட்கார வைத்தால் நமக்கு மானம் போகின்றது என்பதற்காகத்தானே?

நல்லது. அப்படிப் போராடிப் பெற்ற பெஞ்சியில் உட்கார்ந்து கொண்டு, அடுத்தவனைத் தரையில் உட்கார வைத்தவன் யார்? கிராமத்து டீக்கடைகளில் இரட்டை டம்ளர் வைத்தவன் யார்? அக்கிரகாரத்தானா வந்து வைத்தான்? நமக்குச் செய்தபோது அநியாயமாயிருந்தது, நாம் செய்கின்றபோது வழக்கமாய் விட்டதா? மேலேயிருந்து விழுந்த எச்சிலைத் துடைத்துக் கொண்டு கீழே இருப்பவன் தலையில் துப்புகின்றவனுக்குச் சுயமரியாதை என்ற வார்த்தையை உச்சரிக்க யோக்கியதை கிடையாது. சுயமரியாதை என்பது நமக்கு மட்டும் மரியாதை கேட்பதல்ல. எவனுக்கும் கீழாய் இருக்க மாட்டோமென்பது அதில் பாதி. எவனையும் கீழாய் வைக்க மாட்டோமென்பது மற்றப் பாதி. அந்த மற்றப் பாதியை நம்மில் எத்தனை பேர் செய்கின்றோம்?

மராட்டிய தேசத்தில் மகாடு என்ற ஊரில் சவுதார் குளம் என்று ஒன்றுண்டு. நகராட்சி அதை எல்லாருக்கும் பொது என்று தீர்மானம் போட்டிருந்தது. ஆனால் தீண்டாதார் என்று சொல்லப்பட்டவர்கள் மட்டும் இறங்க முடியவில்லை. ஆடு மாடு இறங்கலாம். 20-3-1927-ல் டாக்டர் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களோடு போய் அந்தக் குளத்துத் தண்ணீரைக் கையால் அள்ளிக் குடித்தார். குளம் தீட்டாகி விட்டதென்று வைதீகர்கள் சாணியையும் கோமூத்திரத்தையும் ஊற்றி அதைச் சுத்தம் செய்தார்கள். மனிதன் கை பட்டால் அழுக்கு, மாட்டு மூத்திரம் பட்டால் சுத்தம்! வழக்கு பம்பாய் ஹைக்கோர்ட்டு வரை போய் 1937-ல்தான் அந்த மக்கள் பக்கம் தீர்ப்பாயிற்று. ஒரு கை தண்ணீர் குடிப்பதற்குப் பத்து வருஷம்! இதை நினைத்துக் கொண்டுதான் நாம் நமது நாகரிகத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

கடைசியாக, கீழடியைக் காட்டுகின்றவர்களுக்கு ஒரு வார்த்தை. 2014-க்குப் பிறகு அங்கே தோண்டியதில் உறைகிணறுகள் கிடைத்தன. குவிரன், ஆதன் என்று பேர் கீறிய பானை ஓடுகள் கிடைத்தன. கிறிஸ்துவுக்கு முன் ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்ததென்று 2019-ல் சர்க்கார் அறிக்கையும் வெளியாயிற்று. எழுத்தறிந்த ஜனங்கள் அவ்வளவு காலத்துக்கு முன் வைகைக் கரையில் குடியிருந்தார்களென்றால் நமக்கும் சந்தோஷந்தான். ஆனால் அந்த ஓட்டைக் கையில் வைத்துக் கொண்டு, “பார், நம் முன்னோருக்குள் பேதமே இல்லை” என்று சிலர் பேசும்போது நாம் கை தட்ட மாட்டோம். அந்த உறைகிணற்றில் யார் யார் இறைத்தார்கள், யார் தள்ளி நின்றார்கள் என்பதை ஓடு சொல்லவில்லை. சொல்லாததைச் சொன்னதாகக் கொள்ளுவது பகுத்தறிவாகாது. அப்படியே அவர்கள் பேதமில்லாமல் வாழ்ந்தார்கள் என்றாலும் அது அவர்களுடைய பெருமையேயன்றி நம்முடையதாகுமா? தகப்பன் சோறு போட்டதைச் சொல்லிக் கொண்டு தான் பிச்சைக்காரனை நாயை விட்டுக் கடிக்க வைப்பவனை ஊர் என்னவென்று சொல்லும்? அவர்கள் பேதம் பாராட்டினார்கள் என்றாலோ, அவர்கள் செய்ததற்காக நாமும் செய்ய வேண்டுமா? ஆகவே முன்னோர் எப்படியிருந்தாலும் இன்றைக்கு நம் டம்ளருக்கு நாமே ஜவாப்தாரி. குறளில் ஒரு வரியையும் புறநானூற்றில் ஒரு வரியையும் மேடைக்கு மேடை சொல்லிவிட்டு, மேடையை விட்டு இறங்கியதும் டீக்கடையில் கிளாஸை வாங்கிக் கொள்ளுகின்றவனை நாம் தமிழனென்று ஒப்புக் கொள்ளலாம். மனிதனென்று ஒப்புக் கொள்ளச் சற்று யோசிக்கத்தான் வேண்டும்.

தோழர்களே! இதற்கு மாநாடு வேண்டாம், தீர்மானம் வேண்டாம், வசூலும் வேண்டாம். நாளைக் காலையில் டீ குடிக்கப் போகும்போதே செய்யக் கூடிய காரியங்கள் சில உண்டு. உங்கள் ஊர்க் கடையில் எல்லாருக்கும் கடைசியாய் நிறுத்தப்படுகின்றவருக்கு எந்தப் பாத்திரத்தில் கொடுக்கின்றார்களோ, அதே பாத்திரத்தில் உங்களுக்கும் கேளுங்கள். ஊரில் பத்துப் பேர் அப்படிக் கேட்டால் கடைக்காரருக்கு இரண்டு விதமாய் அடுக்கி வைக்கும் வேலை மிச்சமாகும். அவர் தத்துவத்துக்காகக் கடை வைத்திருக்கவில்லை, வியாபாரத்துக்காகவே வைத்திருக்கின்றார். கேட்ட பிறகும் மாறாவிட்டால் சட்டமிருக்கின்றது. சாட்சி சொல்ல நீங்கள் போங்கள். வேலைக்கும் கடனுக்கும் கைகட்டி நிற்கின்றவரைச் சாட்சிக்குத் தள்ளிவிட்டு நீங்கள் வேடிக்கை பார்க்காதீர்கள். வீட்டு ஜன்னலோரத்தில் கவிழ்ந்து கிடக்கும் அந்தத் தனி டம்ளரை எடுத்து மற்றவைகளோடு சேர்த்து வையுங்கள். வயதில் மூத்தவர் எந்தத் தெருவிலிருந்து வந்தாலும் “வாங்க” என்று சொல்ல உங்கள் பிள்ளைகளைப் பழக்குங்கள். அதோடு, அவர்களைக் கூப்பிட்டுச் சோறு போட்டுப் போட்டோ பிடித்துக் கொள்ளுவதோடு நின்று விடாமல், அவர்கள் வீட்டுக்குப் போய், அவர்கள் கொடுக்கும் பாத்திரத்தில் வாங்கிக் குடித்துவிட்டு வாருங்கள். கொடுப்பதில் கொஞ்சம் பெருமை ஒட்டிக் கொண்டிருக்கும். வாங்கிக் குடிப்பதில் அது இருக்காது.

நம்மைப் பொறுத்தவரையில் ஒரு பழைய பாக்கி இருக்கின்றது. நம் உயிர் போகாமல் ஒரு கை தண்ணீர் ஊற்றிய அந்தப் பெரியவருக்கு ஒரு கிளாஸ் டீயைக் கையில் கொடுக்க நம்மால் முடியாமல் போயிற்று. டீக்கடைக் கணக்கு நோட்டில் சில பேருக்கு நேரே பாக்கி எழுதி, ஆள் இறந்த பிறகு அதை அடித்து விடுவார்கள். நாம் இதை அடிக்கப் போவதில்லை. எத்தனை கடையில், எத்தனை பேரோடு ஒரே பெஞ்சியில் உட்கார்ந்து குடித்தால் இது தீருமோ தெரியாது. ஆனால் குடித்துக் கொண்டுதான் இருக்கின்றோம். வாசகர்களும் தங்கள் தங்கள் கணக்கைப் பார்த்துக் கொள்ளுவார்களாக.